பெயருக்கு முன்னால் வரும் சொல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரொறன்ரோவில் ஒரு தமிழ் வானொலியில், தவமலர் உயிரோடிருந்த ஒரு மனிதரைச் சாகடித்துவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் செய்தது செய்ததுதான். வானொலியில் போன சொல்லை யார் திருப்பி வாங்க முடியும்?

ஈழத்தமிழர் வானொலியில் மரண அறிவித்தல் என்பது பொழுதுபோகாமல் வாசிக்கிற சங்கதியல்ல. அதற்கென்று ஒரு நடை இருக்கிறது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கும். பிறகு அன்னார் யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய தாய், யாருக்கு மாமி என்று உறவு முழுவதும் நிரையாக வந்து நிற்கும். அந்த நிரையில் முன்பே போய்ச் சேர்ந்தவர்களின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று ஒரு சொல் வைப்பார்கள். சொல் இருந்தால் ஆள் இல்லை. சொல் இல்லாவிட்டால் ஆள் இருக்கிறார். எங்கோ தூரத்தில், பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாலும் இருக்கிறார்.

அன்று நெல்லியடியில் காலமான ஒரு அம்மாவின் அறிவித்தல். சகோதரர்களின் வரிசையில் கடைசியாக ‘அம்பலவாணர், மொன்றியல்’ என்று இருந்தது. தவமலர் ‘காலஞ்சென்ற அம்பலவாணர், மொன்றியல்’ என்று வாசித்தாள். செத்துப்போனவருக்கு எதற்கு ஊர்? கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. நம்முடைய ஆட்கள் இந்த அறிவித்தல்களைக் கேட்கிற விதம் அப்படி. தெரிந்த பெயர் ஏதும் வருகிறதா என்று ஒரு காது, அடுப்பில் மற்றக் காது.

பொழுதுபடுகிற நேரத்தில் நிலையத்துக்குத் தொலைபேசி வந்தது. இறந்தவரே எடுத்திருந்தார்.

“பிள்ளை, காலமை வாசிச்சதிலை ஒரு சின்னப் பிழை. நான் இன்னும் சாகேல்லை.”

தவமலருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மன்னிப்புக் கேட்டாள், மறுபடியும் கேட்டாள். கிழவர் கோபப்படுகிறவராகத் தெரியவில்லை. அவர் காலையிலேயே மொன்றியலில் இணையத்தில் அறிவித்தலைக் கேட்டிருக்கிறார். கேட்டதும் எடுத்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

“ஆரும் எடுத்து விசாரிக்கினமோ எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்” என்றார். “பொழுதும் பட்டிட்டுது. ஒருத்தரும் எடுக்கேல்லை. அதுதான் பிள்ளை, நானே எடுத்தனான்.”

நிலையத்தை நடத்துகிற குகநேசன் அறிவித்தலின் மூலப் பிரதியைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தார். அந்தச் சொல் அங்கே இல்லை. இல்லாத சொல்லை எங்கிருந்து வாசித்தீர்கள் அக்கா என்று கேட்டார். தவமலர் கண்டாள். சத்தியமாகக் கண்டாள். ஆறு எழுத்தும், ஞகரத்துப் புள்ளியும் னகரத்துப் புள்ளியும் உட்பட, அச்சடித்தாற்போலக் கண்டாள். அவள் கண்ணுக்கு அப்படித் தெளிவாகத் தெரிவதே அபூர்வம்.

அவளுடைய கண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். நீரிழிவு இரண்டு கண்ணிலும் நடுப் பார்வையைத் தின்றுவிட்டிருந்தது. ஒருவரை நேரே பார்த்தால் முகம் இருக்காது, இரண்டு பக்கமும் காது மட்டும் இருக்கும். முகம் வேண்டுமென்றால் அவர் தோளுக்கு மேலே வேறெங்கோ பார்ப்பதுபோலப் பார்க்கவேண்டும். இதனால் அவளுக்குச் செருக்குக்காரி என்று பெயர் வந்தது. கோயிலில் கண்டும் காணாமல் போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். யார் யாருக்கென்று விளக்கம் சொல்வது? கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாள். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரியை அவளுக்கு வாசனையால் மட்டும் தெரியும். காலையில் மின்தூக்கிக்குள் அந்த வாசனைக்கு ஒரு வணக்கம் சொல்வாள். அன்றைய பேச்சில் பாதி அதோடு முடிந்துவிடும். மீதிப் பாதி மைக்குக்கு முன்னால்.

வாசிப்பும் போய்விடும் என்று இருந்தபோதுதான் அந்தக் கண்ணாடி வந்தது. விழித்துணை என்று பெயர். பார்ப்பதற்குச் சாதாரண மூக்குக்கண்ணாடி. உள்ளே அவளுடைய விழி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கும். தாளிலோ திரையிலோ உள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கொண்டுவந்து, பார்வை மிஞ்சியிருக்கிற ஓரத்தில், அவள் பேசுகிற வேகத்துக்கு வைக்கும். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மிளகாய்த்தூள் பைக்கற்றின் பின்பக்கத்தை முழுவதும் வாசித்துவிட்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அந்தக் கண்ணாடி இல்லாத சொல்லைக் காட்டுகிறது.

குகநேசன் கெட்டவரில்லை. வானொலி நடத்துகிறவர், அவ்வளவுதான். இன்னொரு முறை இப்படி நடந்தால் அறிவித்தல்களை இயந்திரக் குரலுக்குக் கொடுக்கவேண்டி வரும் என்று மெதுவாகச் சொல்லிவைத்தார். தவமலர் தலையாட்டினாள். ஆனால் அவள் பயந்தது வேலைக்கல்ல. அவளுக்குக் கரவெட்டியில் ஒரு மாமி இருந்தாள், படுத்த படுக்கையாக.

தவமலரின் கணவர் நகுலேஸ்வரன், போர் முடிந்த அந்த மே மாதத்தில், இராணுவத்திடம் பெயரைப் பதிந்துவிட்டு அவர்களுடைய பேருந்தில் ஏறியவர். ஏறும்போது திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினார், நீ போ, நான் பின்னால் வருகிறேன் என்பதுபோல. அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. உயிரோடு இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. தவமலர் கனடாவுக்கு வந்து தலை நரைத்தும் பொட்டை விடவில்லை. மாமி சிவக்கொழுந்து மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரக் கொட்டகையில், காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராடிய மற்றத் தாய்மாரோடு வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவள். நடை தளர்ந்தபிறகும் ஞாயிறு தவறாமல் மருமகளுக்குத் தொலைபேசி எடுப்பாள். இரண்டு பேரும் நகுலேஸ்வரனைப் பற்றி ஊரில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள். அவன் வந்தால் கிணற்றடி வளவு அவனுக்குத்தான். அவன் வந்தால் கூரையை மாற்றவேண்டும். எல்லாம் வந்தால், வந்தால்.

படுக்கையில் விழுந்தபிறகு ஒருநாள் மாமி கேட்டாள்: “பிள்ளை, நான் கண்ணை மூடினால் அறிவித்தல் வாசிப்பினம்தானே. அதை நீதான் வாசிக்கவேணும். அவன்ர பேருக்கு முன்னாலை அந்தச் சொல் வரக்கூடாது. ஊரெல்லாம் கேக்கிற இடத்திலை சொல்லிப்போட்டால் பிறகு அது நடந்தமாதிரித்தான்.”

தவமலர் வாக்குக் கொடுத்தாள். அதைவிட மாமிக்குக் கொடுப்பதற்கு அவளிடம் வேறென்ன இருந்தது? இப்போது முன்பின் தெரியாத அம்பலவாணருக்குத் தன் வாயால் அந்தச் சொல்லை வைத்துவிட்டு, மாமியின் நாள் வரும்போது என்ன ஆகுமோ என்று பயந்தாள்.

கண்ணாடியைக் கொடுத்த பார்வைக்குறை நிலையத்தில் தாரணி என்றொரு பெண் இருந்தாள். ஈரோட்டுக்காரி. கண்ணாடியைப் பழக்கிவிடுவது அவள் வேலை. தவமலர் பேருந்து பிடித்துப் போய் நடந்ததைச் சொன்னதும், அவள் சிரிக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

“ஓரப் பார்வையில ஒரு நேரத்துக்கு நாலஞ்சு எழுத்துதான் ஆன்ட்டி புடிக்க முடியும்” என்றாள். “இங்கிலீஷுக்கு அது போதும். தமிழ்ல ஒரு பேருக்கே பத்து எழுத்து வருது. புள்ளி காணாமப் போயிடும். காலும் ரகரமும் ஒண்ணு போலத் தெரியும். அதனாலதான் தமிழுக்குன்னு நிரப்பல் வச்சாங்க. நீங்க பாதி பாப்பீங்க, மீதியை அது போட்டுக்கும். அடுத்து என்ன வரும்னு நீங்க நெனைக்கறீங்களோ, அது.”

“அப்ப நான் வாசிக்கிறது எழுதிக் கிடக்கிறதையோ, நான் நினைக்கிறதையோ?”

“ரெண்டும்தான். கண்ணு நல்லா இருக்கறவங்களும் அப்படித்தான் ஆன்ட்டி படிக்கறாங்க. அவங்களுக்குத் தப்பு நடந்தா கண்ணு திரும்பிப் போய்ப் பாத்துக்கும். உங்களுக்கு அது முடியாது.”

நிரப்பிய சொல் எது, எழுதிய சொல் எது என்று வேறு நிறத்தில் காட்டினால் என்ன என்று தவமலர் கேட்டாள். நியாயமான கேள்வி. முதலில் அப்படித்தான் காட்டினார்களாம். வாசிக்கிறவர்கள் நிறம் மாறிய இடமெல்லாம் சந்தேகப்பட்டு நின்றுவிட்டார்கள். வேகம் போனது, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்கள். சந்தேகம் வராத கண்ணாடியைத்தான் ஜனங்கள் போட்டுக்கொண்டார்கள், அதனால் நிறத்தை எடுத்துவிட்டார்கள். இதை யாரும் எந்த விளம்பரத்திலும் சொல்லவில்லை.

தவமலரின் கண்ணாடி வருஷக்கணக்காக மரண அறிவித்தல்களையே வாசித்து வளர்ந்தது. வயதான ஒருவரின் அண்ணன், தம்பி என்று வரிசை வந்தால், இவ்வளவு வயதில் இருக்கமாட்டார் என்று அதுவும் கணக்குப் போட்டிருக்கும் என்றாள் தாரணி. நிரப்பலைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். வாசிப்பு கொஞ்சம் தடக்குப்படும், ஆனால் தப்பு வராது.

தப்பு வரவில்லை. வாரங்கள் போயின. தவமலரின் குரலில் ஒரு தயக்கம் வந்திருந்தது, அது துக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று இரண்டு பேர் குகநேசனுக்குச் சொன்னார்களாம். அம்பலவாணர் மட்டும் காலை அறிவித்தல்கள் முடிந்தவுடன் எடுப்பார். “நான் இருக்கிறன் பிள்ளை” என்பார், வைத்துவிடுவார். முதலில் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு அந்த மணிச்சத்தத்துக்காக மைக்கை மூடிவிட்டுக் காத்திருக்கத் தொடங்கினாள். பனி கொட்டுகிற காலம். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள், அவளைத் தேடி வருவதற்கு யாருமில்லை.

ஒருநாள், செத்துப்போனதாகக் கேட்டபோது எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டுவிட்டாள். இதெல்லாம் கேட்கிற கேள்வியா என்று கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

“முதல் கோவம் வந்தது. பிறகு, சொன்னால் நம்பமாட்டாய், ஒரு பாரம் இறங்கினமாதிரிக் கிடந்தது. இருக்கிறானோ இல்லையோ எண்டு இழுபடுறதுதான் பிள்ளை பொல்லாதது. ஏதோ ஒண்டைச் சொல்லிப்போட்டால் மனுசருக்கு நித்திரையாவது வரும்.”

தவமலர் அடுப்பில் பால் வைத்திருப்பதாகப் பொய் சொல்லித் தொடர்பைத் துண்டித்தாள். நிலையத்தில் ஏது அடுப்பு?

மாசி மாதத்தில் மாமி போய்விட்டாள். கணவரின் தம்பி கேதீஸ்வரன் கரவெட்டியிலிருந்து எடுத்து, அம்மா போட்டா அண்ணி என்றான். நித்திரையிலேயே போய்விட்டாளாம், நோகவில்லையாம். அறிவித்தலை எழுதி அனுப்பியிருப்பதாகவும், நீங்கள்தான் வாசிக்கவேணும் என்று அம்மா சொல்லிவைத்ததாகவும் சொன்னான். தவமலர் தொலைபேசியை வைத்துவிட்டுக் கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். செய்தியைச் சொல்ல அந்தக் கட்டடத்தில் யாருமில்லை. சொன்னாலும் அவர்களுக்கு மாமி யாரென்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளை இனி என்ன செய்வது என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் சத்தமாகவே அழுதாள், யார் கேட்கப்போகிறார்கள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். காலை ஒலிபரப்புக்கு முன்னால் ஒரு தரம் வாசித்துப் பார்க்கலாமென்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி சிவக்கொழுந்து வேலாயுதம் அவர்கள் காலமானார். அன்னார் காலஞ்சென்ற வேலாயுதத்தின் அன்பு மனைவியும், காலஞ்சென்ற நகுலேஸ்வரன், கேதீஸ்வரன் ஆகியோரின் அன்புத் தாயாரும்...

தவமலர் நின்றாள். வரியின் தொடக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தாள். காலஞ்சென்ற நகுலேஸ்வரன். ஆறு எழுத்து, இரண்டு புள்ளி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள். அப்போதும் இருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது கேதீஸ்வரன்மேல் கோபம். தாயின் கடைசி ஆசையைக்கூடக் காப்பாற்ற மாட்டாயா என்று துக்கவீட்டுக்கே எடுத்துக் கேட்டுவிட்டாள். “நான் எழுதுவனோ அண்ணி?” என்றான் அவன். குரல் உடைந்துபோயிருந்தது. குகநேசனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். அவர் தெளிவாக வாசித்தார். அந்தச் சொல் வேலாயுதத்துக்கு மட்டும்தான் இருந்தது, இருக்கவேண்டிய இடத்தில். தானே வாசித்துவிடட்டுமா என்று அவர் தயவாகத்தான் கேட்டார். இல்லை, வாக்குக் கொடுத்தது நான் என்றாள் தவமலர்.

தாரணி காணொளி அழைப்பில் வந்தாள். இன்னும் வேலைக்குக் கிளம்பவில்லை, தலைமயிரைத் துவாயால் சுற்றியிருந்தாள். கண்ணாடி பதிந்துவைத்ததை அங்கிருந்தபடியே திறந்து பார்த்தாள். வேறு அறிவித்தல்களை வாசிக்கச் சொன்னாள், எல்லாம் சரியாக வந்தது. மாமியின் அறிவித்தலை வாசிக்கச் சொன்னாள். அதே இடம், அதே சொல். தாரணி பதிவை இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, அன்னைக்கு அது போட்டது கணக்கு” என்றாள் கடைசியில். “இது அப்படி இல்ல. கணக்குப்படி பாத்தா அம்மா காலமாகி மகன் இருக்கறதுதான் வழக்கம், அது அந்த வார்த்தையை இங்க வைக்கவே கூடாது. இதை வைக்கறது உங்க கண்ணு.”

“கண்ணோ? என்ர கண்தானே கெட்டுப்போச்சு.”

“பாக்கறதுதான் கெட்டுப்போச்சு. போற இடத்துக்குப் போகுது. அந்தப் பேர் வர்றதுக்கு முன்னாடி அது போய் நிக்குது ஆன்ட்டி. ஒரு வார்த்தைக்கு இடம் விட்டு நிக்குது. அந்த மாதிரி நீங்க நின்னா எந்த வார்த்தைக்குன்னு இதுக்குத் தெரியும், இத்தனை வருஷமா பாத்திருக்கு. கொண்டாந்து வச்சுடுது. பாதியா கொறச்ச பிறகும் வைக்குதுன்னா, நீங்க அவ்வளவு உறுதியா அதை எதிர்பாக்கறீங்கன்னு அர்த்தம்.” கொஞ்சம் விட்டு, “அவங்க யாரு ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

“என்ர மனுசன்.”

ஈரோட்டுப் பெண்ணுக்கு அது பிடிபட ஒரு கணம் எடுத்தது. பிடிபட்டதும் துவாயை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

தவமலருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைக் கேட்டு நீ போய் நின்றாய் என்று தன் கண்ணையே கேட்கவேண்டும் போலிருந்தது. நான் பொட்டு வைக்கிறேன். நான் அவர் வந்தால் என்றுதான் பேசுகிறேன். ஒருநாளும், கனவில்கூட, அந்தச் சொல்லை அவருக்குச் சொன்னதில்லை. அப்படியிருக்க உள்ளே எவள் உட்கார்ந்துகொண்டு இத்தனை காலமாக அதை எதிர்பார்த்திருக்கிறாள்? வெட்கமாக இருந்தது. களவெடுத்துப் பிடிபட்டவளைப்போல வெட்கமாக இருந்தது. அதற்கும் கீழே, நெடுநாளாகத் தனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் கேட்டதுபோலவும் இருந்தது. அதை அவள் அப்போது நினைக்க விரும்பவில்லை.

“நிரப்பலை முழுக்க நிறுத்துங்கோ” என்றாள்.

நிறுத்தினால் ஒரு வரி வாசிக்க ஒரு நிமிஷம் ஆகுமே என்று தாரணி தயங்கினாள். ஆகட்டும் என்றாள் தவமலர்.

உண்மையில் அவளுக்குக் கண்ணாடியே தேவைப்படவில்லை. காலையிலிருந்து வாசித்து வாசித்து அறிவித்தல் மனப்பாடமாகியிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வெறும் மங்கலுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். குரல் நடுங்கவில்லை. பிறப்பிடம் வந்தது, வதிவிடம் வந்தது. காலஞ்சென்ற வேலாயுதத்தின் அன்பு மனைவியும் வந்தது.

அடுத்த பெயருக்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள்.

நிற்கவேண்டுமென்று நினைக்கவில்லை. கண் நின்ற இடத்தில் இப்போது குரல் நின்றது, அவ்வளவுதான். வானொலியில் மௌனம் என்பது பெரிய விஷயம். கேட்கிறவர்கள் பெட்டி பழுதாகிவிட்டதென்று தட்டிப் பார்ப்பார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குகநேசன் எழுந்து நின்றார். ஒரு சொல் சொல்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “நகுலேஸ்வரன், கேதீஸ்வரன் ஆகியோரின் அன்புத் தாயாரும், தவமலர், சுபாங்கி ஆகியோரின் அன்பு மாமியாரும் ஆவார்” என்று முடித்தாள்.

வாக்குக் காப்பாற்றப்பட்டது. விளக்கு அணைந்ததும் தண்ணீர் குடித்தாள். பெரிய நிம்மதி வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கேதீஸ்வரன் எடுத்தான். கரவெட்டியில் எல்லோரும் இணையத்தில் கேட்டார்களாம். பின்னால் பறையோசையும் ஒப்பாரியும் கேட்டன. காலையில் பேசியதற்குத் தவமலர் மன்னிப்புக் கேட்டாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றான். பிறகு வைக்காமல் இழுத்துக்கொண்டு நின்றான். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சொல்லவேண்டியது இருந்தால் மூச்சுத்தான் முதலில் வரும்.

“இனிச் சொன்னால் என்ன அண்ணி. அம்மாவுக்கு அண்ணா இல்லையெண்டு எப்பவோ தெரியும்.”

தவமலர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“வருஷா வருஷம் மே மாதத்திலை அவருக்குப் பிடிச்ச கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு வைச்சு, இலை போட்டுப் படைக்கிறவ. உங்களுக்கு மட்டும் தெரியக்கூடாதெண்டு எங்களிட்டைச் சத்தியம் வாங்கினவ. அவள் ஒருத்திதான் அவன் வருவானெண்டு நம்பிக்கொண்டு அங்கை தனியக் கிடக்கிறாள், அந்த ஒண்டையும் அவளிட்டையிருந்து பிடுங்கிப்போடாதேங்கோ எண்டு சொல்லுவா. அந்தச் சொல் வேண்டாமெண்டதும் உங்களுக்காகத்தான் அண்ணி. அம்மாவுக்காக இல்லை.”

ஓம் கேதீஸ் என்றாள். பொழுதுபடமுன் பாடை தூக்கவேண்டுமென்று யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போய்விட்டான்.

அவள் அந்தத் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தாள். மாமி நம்புகிறாள் என்று இவள் ‘வந்தால், வந்தால்’ என்று பேசியிருக்கிறாள். மருமகள் நம்புகிறாள் என்று அவளும் பேசியிருக்கிறாள். இரண்டு பேரும் ஒரு மனிதனுக்குக் கூரை மாற்றி, வளவு எழுதி, ஞாயிற்றுக்கு ஞாயிறு ஆளுக்கு ஆள் ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். ஒருநாளாவது ஒருத்தி வாய் திறந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம். ஒரே ஒருநாள். அந்த அழுகைக்கு இப்போது துணைக்கு யாருமில்லை. தவமலருக்கு மாமிமேல் கோபம் வந்தது, கோபத்தோடு அடக்கமுடியாத அன்பும் வந்தது.

பொட்டை அவள் தொட்டுப் பார்த்தாள். அது இருந்த இடத்தில் இருந்தது. அதை என்ன செய்வதென்று அவளுக்கு அவசரம் ஒன்றும் தோன்றவில்லை.

குகநேசன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். தேநீர் கொண்டுவந்திருந்தார். அந்த இடத்தில் தடக்குப்பட்டதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுங்கள் அக்கா, மத்தியானத்து அறிவித்தல்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

“மத்தியானத்துக்கு இன்னுமொண்டு கிடக்குத் தம்பி” என்றாள் தவமலர். “எழுதேல்லை. நான் சொல்லுறன், நீங்கள் அடிக்கிறீங்களோ?”

அவர் விசைப்பலகையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாருடையது என்று கேட்டார். நகுலேஸ்வரனின் பெயரைச் சொன்னாள். குகநேசன் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை, இரண்டு காதும் தெரிந்தன. அவர் எப்படிப் பார்க்கிறார் என்று அறிய அவள் கண்ணைச் சாய்க்கவுமில்லை.

கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் என்று தொடங்கினாள். வதிவிடம் என்று வருகிற இடத்தில் அவருடைய விரல்கள் காத்திருந்தன. வதிவிடம் தெரியாது, அதை விடுங்கள் என்றாள். அன்னார் காலஞ்சென்றவர்களான வேலாயுதம், சிவக்கொழுந்து தம்பதியரின் அன்பு மகன். மாமிக்கு அந்தச் சொல்லை முதன்முதலாகச் சொல்கிறோம் என்பது சொன்னபிறகுதான் உறைத்தது. கேதீஸ்வரனின் அன்புச் சகோதரர். தவமலரின் அன்புக் கணவர். கண்ணாடி மேசையில்தான் கிடந்தது. ஒரு சொல்லுக்கும் அது தேவைப்படவில்லை.

குகநேசன் திரையில் முதல் வரிக்குப் போய், காலமானார் என்பதற்கு முன்னால் விட்டுவைத்திருந்த இடத்தில் நின்றார். இத்தனை வருஷம் எத்தனையோ அறிவித்தல் அடித்தவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை. கேட்காமலும் முடியாது.

“அக்கா, காலமான திகதி?”

தவமலர் யோசித்தாள். அந்த மே மாதத்தை யோசித்தாள், பேருந்தை யோசித்தாள், அதற்குப் பிறகு வந்த எல்லா ஞாயிற்றுக்கிழமைகளையும் யோசித்தாள்.

“இண்டையான் திகதியைப் போடுங்கோ தம்பி” என்றாள். “இண்டைக்குத்தான்.”